அடிப்சினை எலைசாவில் அளப்பது எப்படி

எங்கள் ஆய்வகத்தில் எலைசா மேசை என் பொறுப்பு. எதிர்ப்பொருளைக் கொண்டு ஒரு புரதத்தைப் பிடித்து, அதன் அளவை நிறத்தால் அறியும் பரிசோதனைதான் எலைசா. ப்ராஜெக்ட் செய்ய வரும் எம்.எஸ்சி. பிள்ளைகளும், ஆய்வேட்டுக்காக மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு வரும் எம்.டி. மாணவர்களும் இப்போது அதிகம் கேட்பது அடிப்சின். கொழுப்புத் திசு சுரக்கும் நோயெதிர்ப்புப் புரதம், சர்க்கரை நோயோடும் தொடர்பு உண்டு என்று படித்ததும் தலைப்பாக எடுத்துவிடுகிறார்கள். எடுக்க வேண்டிய தலைப்புதான். ஆனால் கிட்டோடு வரும் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினால், தட்டு அழகாக மஞ்சள் காட்டும், எண்களும் வரும், அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பது மட்டும் பிடிபடாது. அதனால் மேசைக்குப் பக்கத்தில் நின்று அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அடிப்சின் அளக்கப் போகிறீர்கள் என்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் அதே இரத்தத்தில் பார்த்தே ஆக வேண்டும். ஏன் என்று வரும்.

இது என்ன புரதம்

1987-ல் பாஸ்டனில் புரூஸ் ஸ்பீகல்மேனின் குழு, எலியின் கொழுப்புச் செல்கள் இரத்தத்துக்குள் ஒரு புரதத்தை விடுகின்றன என்று காட்டியது. அதுதான் அடிப்சின். கொழுப்பு என்றால் எண்ணெயைச் சேர்த்துவைக்கும் இடம் என்று மட்டும் பாடத்தில் இருந்த காலம் அது. கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோனான லெப்டின் வெளிவந்ததே 1994-ல். 1992-ல் மனித அடிப்சினின் வரிசையைப் பார்த்தபோது, நோயெதிர்ப்புத் துறையினர் ஏற்கெனவே காரணி டி என்று அழைத்துவந்த நொதியும் இதுவும் ஒன்றே என்று உறுதியானது. இரண்டு துறைகள் ஒரே புரதத்தை வேறு வேறு பெயரில் படித்துக்கொண்டிருந்திருக்கின்றன. இன்றைக்கும் கட்டுரை தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் பாதி விஷயம் கண்ணில் படாது.

கிருமியைத் தாக்கும் இரத்தப் புரதங்களின் கூட்டத்துக்குக் காம்ப்ளிமென்ட் அமைப்பு என்று பெயர். அதைக் கிளப்பும் வழிகளில் ஒன்றான மாற்றுப் பாதையில்தான் இதற்கு வேலை. கிருமியின் மேல் சி3 என்ற புரதத்தின் துண்டான சி3பி ஒட்டுகிறது, அதோடு காரணி பி என்ற இன்னொரு புரதம் வந்து சேர்கிறது, அப்படிச் சேர்ந்த பி-யைத்தான் காரணி டி வெட்டும். தனியாகத் திரியும் பி-யைத் தொடாது. வெட்டியதும் சி3 கன்வர்ட்டேஸ் உருவாகி, இன்னும் நிறைய சி3-ஐ சி3ஏ, சி3பி என்று உடைக்கிறது. அரிவாள்மணையில் காய் நறுக்குவதுபோலத்தான்: காய் தீரும், மணை அப்படியே இருக்கும். காரணி டி இந்த வேலையில் செலவாவதில்லை. அதனால் சிறிதளவே போதும். இரத்தத்தில் சி3 மில்லிலிட்டருக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் இருக்கிறது என்றால், காரணி டி 1 முதல் 2 மைக்ரோகிராம்தான். பாதை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்தக் குறைந்த அளவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அளவும் சிறியது, உருவமும் சிறியது. எடை சுமார் 24 கிலோடால்டன். இந்த எடையில் இருக்கும் புரதம் சிறுநீரக வடிகட்டியில் தாராளமாக நுழைந்துவிடும். வடிகட்டப்பட்டதை அடுத்துள்ள நுண்குழாய்ச் செல்கள் உறிஞ்சிச் சிதைத்துவிடுகின்றன. அதாவது, இந்தப் புரதத்தை இரத்தத்திலிருந்து எடுக்கும் முக்கிய வழியே சிறுநீரகம்தான். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தில் காரணி டி பத்து மடங்கு வரைகூட ஏறி நிற்கும். கொழுப்புத் திசு அவர்களுக்கு எதையும் கூடுதலாகச் சுரக்கவில்லை. வெளியே போகும் வழி அடைந்துவிட்டது, அவ்வளவே. கிரியாட்டினின் கேட்டதற்குக் காரணம் இது.

சர்க்கரை நோய் ஆய்வாளர்கள் ஏன் இதன்மேல் கண் வைத்தார்கள்? 2014-ல் அதே ஸ்பீகல்மேன் குழுவும் அவருடன் பணியாற்றியவர்களும், அடிப்சின் இல்லாத எலிகளில் கணையத்தின் பீட்டா செல்கள் சர்க்கரைக்கு ஏற்ற அளவு இன்சுலினைச் சுரக்கத் திணறுகின்றன என்று காட்டினார்கள். அடிப்சின் வழியாகப் பிறக்கும் சி3ஏ, பீட்டா செல்லை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் பீட்டா செல்கள் ஓய்ந்துபோனவர்களிடம் அடிப்சின் குறைவாக இருந்ததையும் அவர்கள் பார்த்தார்கள். 2019-ல் வந்த அடுத்த ஆய்வில், நடுத்தர வயதில் அடிப்சின் அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஆக, அழற்சியைக் கிளப்பும் அமைப்பின் ஒரு நொதி, பீட்டா செல்லுக்கு உதவியும் செய்கிறது.

இதே நொதி தன்னைச் சுரக்கும் திசுவையே அழிக்கவும் துணைபோகும். பாரக்கர்–சைமன்ஸ் நோய்க்குறி என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் பெண்களுக்கு, இளவயதிலேயே தொடங்கும். முகத்துக் கொழுப்பு முதலில் கரையும், பிறகு கழுத்து, கை, மார்பு என்று மேலிருந்து கீழே இறங்கும், கால்கள் தப்பிவிடும். இவர்களில் பலருக்கு சி3 நெஃப்ரிட்டிக் காரணி என்ற தன்னெதிர்ப்பொருள் இருக்கும். கன்வர்ட்டேஸ் கலைந்துபோகாமல் அது பிடித்துவைத்துக்கொள்கிறது. கொழுப்புச் செல் தானே காரணி டி-யைச் சுரப்பதால், அந்தச் செல்லின் அருகிலேயே தாக்குதல் மூளுகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கொழுப்புத் திசுவுக்கும் நோயெதிர்ப்புக்கும் உறவு உண்டு என்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, இந்த ஒரு நோயைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள்.

எலியில் படித்ததை மனிதரிடம் அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். பருத்த எலிகளில் அடிப்சின் வெகுவாகக் குறையும், 1987-லேயே அது தெரிந்துவிட்டது. பருமனான மனிதர்களிடம் அப்படிக் குறைவதில்லை. வழக்கமான அளவிலோ சற்றுக் கூடுதலாகவோதான் இருக்கும். உங்கள் கருதுகோளை எலிக் கட்டுரையைப் பார்த்து எழுதியிருந்தால், இரத்தம் எடுக்கப் போவதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.

இதைப் படிக்கும் பொது வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இது ஹெல்த் செக்கப்பில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் பரிசோதனை இல்லை. இன்ன அளவுக்குக் கீழே போனால் இன்ன மருந்து என்று சொல்லும் நிலை நீரிழிவில் வரவில்லை. சர்க்கரையைப் பற்றிக் கவலை என்றால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, இடுப்புச் சுற்றளவு இந்த மூன்றுமே போதுமான அளவு சொல்லிவிடும். பணத்தை அதற்குச் செலவழியுங்கள்.

கிட் வாங்குவது

அடிப்சின் என்ற பெயரிலும் காரணி டி என்ற பெயரிலும் கிட் விற்கிறார்கள். மனிதருக்கானதா, எலிக்கானதா என்று இரண்டு முறை பாருங்கள். எலியின் அடிப்சினில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும், அதனால் எடையும் கூடுதல். மனிதப் புரதத்துக்கான எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது.

ஆய்வு முழுவதற்கும் வேண்டிய தட்டுகளை ஒரே லாட் எண்ணில் வாங்குங்கள். பாதியை இப்போது, மீதியை ஆறு மாதம் கழித்து என்று வாங்கினால், இரண்டு பாதிக்கும் நடுவே வரும் வித்தியாசம் நோயாளியுடையதா, கிட்டுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை தட்டு என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் 96 குழிகள். ஏழு ஸ்டாண்டர்டும் (அளவு தெரிந்த கரைசல்) ஒரு பிளாங்கும் (புரதம் இல்லாத வெற்றுக் கரைசல்) இரட்டையாக வைத்தால் 16 போய்விடும். உங்கள் சொந்தக் கட்டுப்பாட்டு மாதிரிகள் இரண்டுக்கு 4. மீதி 76-ல் 38 பேரின் மாதிரியை இரட்டையாக வைக்கலாம். நூறு பேர் என்றால் மூன்று தட்டு. இரட்டை வைக்காமல் ஒற்றையாக வைத்தால் ஒரே தட்டில் நிறையப் பேரை முடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடிக்கலாம். ஆனால் ஒரு குழியில் காற்றுக்குமிழ் உட்கார்ந்திருந்தால்கூட உங்களுக்குத் தெரியவராது.

சப்ளையரிடம் கிட் செவ்வாய், புதனில் வந்து சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளி மாலை வந்தால் திங்கள் வரை யார் கையில் இருக்கும் என்று தெரியாது. பொங்கலை ஒட்டி ஆர்டர் போடவே போடாதீர்கள். பெட்டியைத் திறந்ததும் ஐஸ் பேக்கைத் தொட்டுப் பாருங்கள். உருகி, வெதுவெதுவென்று இருந்தால் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு அன்றைக்கே தெரிவியுங்கள்.

இரத்தம்

நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகுதான் முதல் ஊசி. ஒப்புதல் படிவம் அவர்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும், நீங்கள் வாயாலும் விளக்க வேண்டும். வெறும் வயிற்றில், காலையில், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுங்கள். அண்மையில் காய்ச்சலோ தொற்றோ வந்திருந்தால் இரண்டு வாரம் தள்ளி வரச் சொல்லுங்கள். காம்ப்ளிமென்ட் தொடர்பான ஒன்றை அளக்கிறோம், காய்ச்சலில் இருப்பவரிடம் எடுத்துவிட்டு அப்புறம் புள்ளியியலில் சரிசெய்ய முடியாது.

இரத்தத்தை உறையவிட்டுப் பிரிக்கும் சீரமா, இடிடிஏ சேர்த்து உறையாமல் பிரிக்கும் பிளாஸ்மாவா? காரணி டி-யை மட்டும் அளப்பதென்றால், கிட் ஏற்கும் எதுவானாலும் சரி, ஆனால் எல்லோருக்கும் ஒன்றே. பாதிப் பேருக்குச் சிவப்பு மூடிக் குழாய், மீதிப் பேருக்கு ஊதா மூடிக் குழாய் என்று கலக்கக் கூடாது. கூடவே சி3ஏ-யும் அளக்கும் எண்ணம் இருந்தால் இடிடிஏதான் எடுக்க வேண்டும். இரத்தம் குழாயில் உறையும்போதே காம்ப்ளிமென்ட் கிளம்பி சி3ஏ-யைப் பெருக்கிவிடும். இடிடிஏ கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்வதால் அது நடக்காது. எடுத்ததும் ஐஸில் வைத்து, சீக்கிரம் சுழற்றி, பிரித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், இப்போது சி3ஏ அளக்காவிட்டாலும் இடிடிஏவில் ஒரு பங்கு எடுத்துவைப்பது நல்லது. ஆய்வு நடுவில் வழிகாட்டிப் பேராசிரியருக்கு சி3ஏ ஆசை வரும்.

சீரம் என்றால் அரை மணி நேரம் அசைக்காமல் உறைய விடுங்கள். பிறகு சுழலியில் 1000 முதல் 1500 ஜி விசையில் 10 அல்லது 15 நிமிடம். ஜி என்பது விசை, ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று. இரண்டும் வேறு. சுழலியின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 3000 ஆர்பிஎம்மில் சுமார் 1000 ஜி கிடைக்கும். ஆரம் 15 என்றால் அதே 3000-ல் 1500 ஜி. உங்கள் மிஷினின் ஆரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்து வருபவருக்கும் உதவும்.

சீரம் இளஞ்சிவப்பாக வந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. ஹீமோகுளோபின் தானே பெராக்சிடேஸ் போல வேலை செய்யக்கூடியது, நிறம் தரும் படியில் குறுக்கிடலாம். அதிக நீர்ப்பில் அது பெரிதாகப் பாதிக்காது என்றாலும், எந்தக் குழாய் அப்படி இருந்தது என்று குறித்துவையுங்கள். நன்றாகச் சிவந்திருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

பிரித்த சீரத்தை 100 மைக்ரோலிட்டர் வீதம் நான்கைந்து குட்டிக் குழாய்களில் பிரித்து, மைனஸ் 80-ல் வையுங்கள். மொத்தத்தையும் ஒரே குழாயில் வைத்து, ஒவ்வொரு முறையும் உருக்கி எடுத்து, மறுபடி உறையவைப்பது புரதத்தைக் கெடுக்கும். சாதா மார்க்கரில் எழுதிய பெயர் உறைபனியில் அழிந்துவிடும், கிரையோ லேபிள் வாங்குங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். ஜெனரேட்டர் இணைப்பு எந்த ஃப்ரீசருக்கு இருக்கிறது என்று கேட்டு, அதில் இடம் பிடியுங்கள். மே மாத மின்வெட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை.

அதே நாளில், அதே நபரிடம் குறித்துக்கொள்ள வேண்டியவை: வயது, பாலினம், உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, மருந்துகள், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கிரியாட்டினின். முடிந்தால் சி-பெப்டைடும் பாருங்கள், பீட்டா செல் எவ்வளவு சுரக்கிறது என்பதை அது சொல்லும். இடுப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். பேண்ட் பெல்ட் போடும் இடம் இல்லை அது. புடவை கட்டியவர்களிடம் கொசுவத்தின் மேலேயே டேப்பைச் சுற்றிவிடுகிறார்கள், நான்கைந்து சென்டிமீட்டர் கூடிவிடும். பெண் உதவியாளரை வைத்து, மறைவான இடத்தில், மடிப்பை விலக்கி அளக்கச் சொல்லுங்கள். தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. எடை ஒல்லியாகக் காட்டும் நம்மவர்களிடம் வயிற்றுக் கொழுப்பு ஒளிந்திருப்பது சகஜம், அதனால் பிஎம்ஐ மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள்.

தட்டு ஓட்டும் நாள்

கையேட்டில் அறை வெப்பநிலை என்று எழுதியிருந்தால் அது 20 முதல் 25 டிகிரி. நம் ஊர் அறை ஏப்ரலில் 34 காட்டும். ஏசியை முன்கூட்டியே போட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஏசி காற்று நேராகத் தட்டின் மேல் அடித்தால் ஓரக் குழிகள் வேறு மாதிரி நடந்துகொள்ளும், மூடிவைக்கும் ஸ்டிக்கரை ஒழுங்காக ஒட்டுங்கள். கிட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே பைகளைப் பிரியுங்கள்.

முந்தின நாளே தட்டு வரைபடத்தைத் தாளில் போட்டுவிட வேண்டும். நோயாளிகள் ஒரு தட்டு, ஆரோக்கியமானவர்கள் இன்னொரு தட்டு என்று பிரிப்பது மிகவும் கெட்ட பழக்கம். அப்படிச் செய்தால் தட்டுக்குத் தட்டு வரும் வித்தியாசம் நோயின் வித்தியாசமாக மாறி நிற்கும். எல்லாத் தட்டிலும் இரு குழுவையும் கலந்து வையுங்கள்.

அடுத்தது நீர்ப்பு. அடிப்சினில் பெரும்பாலான தட்டுகள் கெடுவது இங்கேதான். சீரத்தில் இருப்பது மில்லிலிட்டருக்கு 1000 முதல் 2000 நானோகிராம். கிட்டின் ஸ்டாண்டர்ட் பல நேரம் 10 நானோகிராமுக்குள் முடிந்துவிடும். நீர்க்காமல் ஊற்றினால் எல்லாக் குழியும் ஒரே அடர் மஞ்சள், ஒன்றும் தெரியாது. 500 மடங்கு நீர்த்தால் 2 முதல் 4 நானோகிராமுக்கு வந்து, கோட்டின் நடுவில் உட்காரும். உங்கள் கிட்டின் எல்லையைப் பார்த்து இதை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே தாவலில் 500 மடங்கு போகாதீர்கள். 1 மைக்ரோலிட்டரைப் பிப்பெட்டில் துல்லியமாக எடுப்பது பழகிய கைக்கும் சிரமம். முதலில் 10 மைக்ரோலிட்டர் சீரத்தோடு 240 மைக்ரோலிட்டர் நீர்ப்புக் கரைசல், 25 மடங்கு. அதிலிருந்து 10 எடுத்து 190-ல் விட்டால் இன்னொரு 20 மடங்கு. ஆக 500.

அந்த முதல் 10 மைக்ரோலிட்டரை எப்படி எடுக்கிறார்கள் என்று நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். சீரம் உருகியதும் அடியில் கனமாகவும் மேலே தெளிவாகவும் பிரிந்திருக்கும். ஐந்தாறு முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். டிப்பின் நுனி மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முங்கட்டும். ஆழமாக முக்கினால் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சீரமே இன்னொரு மைக்ரோலிட்டர் இருக்கும், 500 மடங்கில் அது பத்து சதவீதப் பிழை. ஒரு முறை உறிஞ்சி, அதே குழாயில் விட்டு, டிப்பை நனைத்த பிறகு மறுபடி உறிஞ்சுங்கள். கட்டைவிரலை மெதுவாக விடுங்கள், சீரம் தண்ணீரைவிடக் கொழகொழப்பானது, அது ஏறுவதற்கு ஒரு நொடி வேண்டும். நுனியைக் குழாயின் சுவரில் தொட்டு எடுத்து, நீர்ப்புக் கரைசலுக்குள் விட்டு, அதே கரைசலால் டிப்பை இரண்டு மூன்று முறை அலசுங்கள். கை பழகும் வரை வண்ணத் தண்ணீரை வைத்து இதை மட்டுமே பழகச் சொல்கிறேன். இந்த இடம் சரியாக வந்துவிட்டால் மீதி நாள் நிம்மதி.

டயாலிசிஸில் இருப்பவர்களின் மாதிரியும் உண்டு என்றால், அவற்றுக்கு மட்டும் 5000 மடங்கு வரிசை ஒன்றையும் கூடவே வையுங்கள். அவர்களிடம் 10, 15 மைக்ரோகிராம் வருவது உண்டு.

ஸ்டாண்டர்ட் பொடியைக் கரைத்ததும் பத்து பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். வோர்டெக்ஸில் போட்டு நுரைக்க வேண்டாம், கையில் உருட்டினால் போதும். பிறகு பாதிப் பாதியாக நீர்த்துக்கொண்டே போங்கள், ஒவ்வொரு படிக்கும் புது டிப்.

அதன் பிறகு எல்லாச் சாண்ட்விச் எலைசாவும் ஒன்றுதான். மாதிரியைக் குழியில் விட்டுக் காத்திருத்தல், கழுவுதல், பயோட்டின் ஒட்டிய இரண்டாம் எதிர்ப்பொருள், கழுவுதல், எச்ஆர்பி என்ற நொதி ஒட்டிய ஸ்ட்ரெப்டாவிடின், கழுவுதல், அந்த நொதியால் நிறம் மாறும் டிஎம்பி கரைசல். நேரங்களைக் கையேடு சொல்லும், அதை மாற்றாதீர்கள். கழுவுவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குழி நிரம்ப 300 மைக்ரோலிட்டர், அரை நிமிடம் ஊறல், கவிழ்த்துக் கொட்டல், நான்கு முறை. கடைசியில் மடித்த டிஷ்யூத் தாளின் மேல் தட்டைக் குப்புற வைத்து நன்றாகத் தட்டுங்கள். தாளில் ஈரம் படாத வரை தட்ட வேண்டும், ஆனால் குழி காய்ந்துபோகவும் விடக்கூடாது, உடனே அடுத்த கரைசல் போக வேண்டும். கழுவும் கரைசலை நீங்களே தயாரித்தால் அதில் சோடியம் அசைடு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது எச்ஆர்பியை முடக்கிவிடும்.

டிஎம்பி ஊற்றியதும் தட்டை இருட்டில் வைத்து, அவ்வப்போது எட்டிப் பாருங்கள். உச்ச ஸ்டாண்டர்ட் நன்றாக நீலமாகி, கீழ் ஸ்டாண்டர்டுகள் படிப்படியாக வெளிறி, பிளாங்க் நீலம் தொடாமல் இருக்க வேண்டும். வினையை நிறுத்தும் அமிலத்தை டிஎம்பி ஊற்றிய அதே வரிசையில், அதே வேகத்தில் ஊற்றுங்கள். நீலம் மஞ்சளாகும். குழியின் அடியை மெல்லிய தாளால் துடைத்து, குமிழ் இருந்தால் சுத்தமான ஊசிமுனையால் உடைத்து, உடனே 450 நானோமீட்டரில் படியுங்கள். 540 அல்லது 570-ல் படித்துக் கழித்துக்கொண்டால் பிளாஸ்டிக்கின் குறை நீங்கும்.

கணக்கு

ஸ்டாண்டர்டுகளின் வழியே நேர்கோடு போடாதீர்கள், நான்கு அளவுரு வளைவுதான் பொருந்தும். ரீடரின் மென்பொருளிலேயே இருக்கும். வளைவு 3.1 நானோகிராம் என்றால் 500-ஆல் பெருக்கி 1550, அதாவது மில்லிலிட்டருக்கு 1.55 மைக்ரோகிராம். பெருக்க மறந்து 3.1 என்றே ஆய்வேட்டில் போட்ட அட்டவணைகள் உண்டு, அலகைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரட்டைக் குழிகளுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் விலகல் இருந்தால் அந்த மாதிரியைத் திரும்ப ஓட்டுங்கள். எல்லாத் தட்டிலும் வைத்த கட்டுப்பாட்டு மாதிரி 15 சதவீதத்துக்கு மேல் ஆடினால் அந்தத் தட்டு முழுவதையும் சந்தேகப்படுங்கள். உச்ச ஸ்டாண்டர்டைத் தாண்டியதை வளைவை நீட்டிக் கணிக்கக் கூடாது, கூடுதலாக நீர்த்து மறுபடி அளக்க வேண்டும். தொடக்கத்திலேயே ஒரு மாதிரியை 250, 500, 1000 மடங்கு நீர்த்துப் பாருங்கள். பெருக்கிய பின் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தர வேண்டும். தராவிட்டால் சீரத்தில் வேறு ஏதோ குறுக்கிடுகிறது.

எண்ணைப் படிப்பது

ஒரு மாணவி அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வந்தார். “அக்கா, சுகர் ரொம்ப நாளா இருக்கிறவங்களுக்குக் குறைவா வரணும்னு படிச்சேன், எனக்கு எல்லாம் மேல ஏறி நிக்குது. தட்டு தப்பா?” தட்டில் தப்பு ஒன்றும் இல்லை, இரட்டைகள் அழகாக ஒத்துப்போயிருந்தன. அடுத்த பத்தியில் கிரியாட்டினினை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னேன். ஏறி நின்றவர்கள் எல்லோரும் வரிசையின் அடியில் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள், கிரியாட்டினின் 2-க்கு மேல். நீண்ட நாள் நீரிழிவு பலருக்குச் சிறுநீரகத்தையும் தொட்டுவிடும். நோய் குறைத்ததைச் சிறுநீரகம் ஏற்றிவிடுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போது சராசரியைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவது?

அதனால் ஒவ்வொருவருக்கும் இஜிஎஃப்ஆர் கணக்கிடுங்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கிரியாட்டினினை வைத்துக் கணிக்கும் எண் அது. உங்கள் கேள்வி பீட்டா செல்லைப் பற்றியது என்றால் இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே இருப்பவர்களை ஆய்வில் சேர்க்காமல் விடுவது சுத்தமான வழி. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் தனிக் குழுவாக வையுங்கள், பகுப்பாய்விலும் இஜிஎஃப்ஆரை ஒரு மாறியாகப் போடுங்கள். 60-க்கு மேலே இருப்பவர்களிடமும் அடிப்சினுக்கு எதிரே இஜிஎஃப்ஆரை வைத்து ஒரு புள்ளிப் படம் வரைந்து பார்த்துவிடுங்கள்.

மிகக் குறைவாக வந்தால்? முதலில் நீர்ப்பைச் சரிபாருங்கள், பிறகு இன்னொரு குட்டிக் குழாயை உருக்கி மறுபடி அளங்கள். அப்போதும் குறைவு என்றால் உடலில் கொழுப்புத் திசுவே குறைவானவரா என்று மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள். பிறவியிலேயே கொழுப்புத் திசு உருவாகாதவர்களிடம் காரணி டி வெகுவாகக் குறைந்திருக்கும். கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்றால் அது ஆய்வுத் தரவு என்று விட்டுவிடக் கூடாத விஷயம். காரணி டி பிறவியிலேயே இல்லாதவர்களை மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமி எளிதில் தாக்கும். நெறிமுறைக் குழு அனுமதித்த வழியில், சிகிச்சை தரும் மருத்துவரின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள்.

மருந்துப் பட்டியலையும் இன்னொரு முறை பாருங்கள். 2024-ல் அமெரிக்காவில் டானிகோபான் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. பிஎன்எச் என்ற அரிய இரத்தநோயில், வேறு மருந்தோடு கூடுதலாகத் தருவது. காரணி டி-யின் வேலையை முடக்குவதே அதன் வழி. எலைசா புரதத்தின் அளவை மட்டும் சொல்லும், அது வேலை செய்கிறதா என்று சொல்லாது. இந்த மருந்தை எடுப்பவரிடம் தட்டு காட்டும் எண்ணை வைத்து நொதியின் வேகத்தை ஊகிக்கக் கூடாது. வேகம் வேண்டும் என்றால் மாற்றுப் பாதையின் செயல்பாட்டை அளக்கும் தனிப் பரிசோதனை இருக்கிறது, அதற்குச் சீரத்தை எடுத்த சூட்டோடு உறையவைத்திருக்க வேண்டும். விழித்திரைத் தேய்வுக்காக இதே நொதியைத் தடுக்கும் லாம்பலிசுமாப் என்ற ஊசிமருந்து பெரிய சோதனைகள் வரை போய், 2017-ல் பலன் தராமல் நின்றது. உங்கள் ஆய்வேட்டின் விவாதப் பகுதியில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுதுவது நியாயமில்லை.

கடைசியாகப் பதிவு. ஒவ்வொரு தட்டுக்கும் கிட்டின் லாட் எண், தேதி, அறை வெப்பநிலை, நீர்ப்பு, வரைபடம், ரீடர் தந்த மூலக் கோப்பு, யார் ஓட்டினார்கள் என்பது, திரும்ப ஓட்டிய மாதிரிகளும் அதற்கான காரணமும். இவற்றை அன்றைக்கே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மிச்சமிருக்கும் குட்டிக் குழாய்களை எந்த ரேக், எந்தப் பெட்டி, எந்த வரிசை என்று குறித்து, சாவி வைத்திருப்பவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.